சாயம் ஏற்றாத மரம்

1

2018 மழைக்காலத்தில் புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் உடைந்த மண்டலின் ஒன்றை வாங்கினேன். வாசிக்கத் தெரிந்து வாங்கியதல்ல. முட்டையை நெட்டுவாக்கில் பாதியாக வெட்டியது போன்ற வயிறு கொண்ட, நேப்பிள்ஸ் ஜாதி மண்டலின். முகப்புப் பலகை நீளவாட்டில் பிளந்திருந்தது. வெளியே கறுப்புக்குச் சற்றே இளைத்த பழுப்பு. பிளவின் உட்புறத்தில் அதே பலகை வைக்கோல் நிறத்தில் இருந்தது. ஒரு பலகையின் இந்த இரண்டு நிறங்கள்தான் என்னைப் பணம் கொடுக்க வைத்தன.

சைகோனிலிருந்து திரும்பிய ஒரு சொல்தாவின் வீட்டுப் பொருள் என்றார் கடைக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த ஊரில் இன்னும் அதுதான் பெயர். புதுச்சேரியில் விலைக்கு வரும் பழைய பொருள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சைகோன் இருப்பதால் நான் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உள்ளே செய்தவர் பெயர்ச் சீட்டு இல்லை. வயிற்றுக்குள் பென்சிலால் 17 என்று ஓர் எண் மட்டும் எழுதியிருந்தது.

அதை எனக்குத் தெரிந்த ஒரு தச்சு மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தொட்டவர். நகத்தால் முகப்பின் விளிம்பைச் சுரண்டிப் பார்த்தார்.

"இது பொறந்த நிறம் இல்ல சார். பின்னால ஏத்தினது. தோலுக்கு மேல தோல்."

"சாயமே இல்லாம புதுசா ஒண்ணு செய்ய முடியுமா மேஸ்திரி?"

"செய்யலாம். சாயம் இல்லேன்னா ஒளிய எடம் கெடையாது. அதை யோசிச்சிக்கங்க."

அவர் சொன்னதை நான் தொழில்நுட்ப எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொண்டேன். அது சரித்திரம் பற்றிய ஒரு கூற்றும்கூட என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இந்தக் கட்டுரை அந்த ஒரு வருஷத்தைப் பற்றியது.

2

நேப்பிள்ஸ் மண்டலினின் முகப்பு வழக்கமாக வெளிறிய ஸ்ப்ரூஸ் மரம். ஐரோப்பாவின் மலைக்காடுகளில் வளரும் ஊசியிலை மரம் அது. அதன்மேல் நிறமற்ற, அல்லது லேசான தேன்நிற வார்னிஷ். வயிறு கருத்திருக்கலாம், முகம் வெளுப்பாக இருக்கும். அப்படியானால் என் மண்டலினுக்குக் கறுப்பு ஏற்றியது யார்? எங்கே? என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் மேஸ்திரியிடம் ஓர் ஊகம் இருந்தது: வீட்டில் மற்ற சாமான்கள் எந்த நிறமோ அந்த நிறத்துக்கு இதையும் கொண்டுவந்திருப்பார்கள்.

அவருக்கு அது ஊகம் அல்ல, தொழில். நாற்பது வருஷமாக அவர் 'பழைய பிரெஞ்சு நாற்காலி' செய்து வந்தவர். புது மரத்தில் செய்வது. பெர்மாங்கனேட் தண்ணீர் ஒரு கை, காவியும் விளக்குக் கரியும் கலந்து ஒரு கை, பிறகு பாலிஷ். கைவைக்கும் இடத்தில் மட்டும் துணியால் தேய்த்துச் சாயத்தை இளைக்கவிடுவது. நூறு வருஷம் பலபேர் கை வைத்த தேய்மானம் ஒரு மாலையில் கிடைத்துவிடும். அவர் இதை மறைக்கவில்லை. வாங்குகிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும் என்றார். அவர்களுக்கு வேண்டியது வயது அல்ல, வயதின் நிறம்.

ஈட்டியும் கருங்காலியும் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அந்தக் கறுப்பு மரத்துக்கே சொந்தமாக இருந்தது. ஈட்டி அருகியது. தமிழ்நாட்டில் 1994இல் ஈட்டி மரங்களைக் காக்க ஒரு தனிச் சட்டமே வந்தது. 2017இல் அந்த மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மரம் போன பிறகு அதன் நிறம் மட்டும் தங்கிவிட்டது. நிறம் ஒரு பாஷை மாதிரி. பேசியவர்கள் போன பிறகும் கொஞ்ச நாள் நாக்கில் இருக்கும்.

புதுச்சேரியின் பழமையே அப்படி ஒன்றுதான் என்று சொன்னால் இந்த ஊரை நேசிப்பவர்களுக்குக் கோபம் வரலாம். 1761இல் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் திரும்பக் கிடைத்து, 1765 முதல் மறுபடி கட்டப்பட்டது. 1816இல்தான் அது நிலையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஊர் பெரும்பாலும் அந்த நாட்குறிப்பில்தான் மிச்சம் இருக்கிறது. நாம் இன்று பழையது என்று பார்ப்பது ஏற்கெனவே ஒரு மறுபதிப்பு.

இன்னொன்றும் உண்டு. இது சாயத்தால் பிழைத்த ஊர். 'கினே' என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த பருத்தித் துணி, அவுரியில் தோய்த்து ஆழ்ந்த நீலமாக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலுக்குப் போயிற்று. செனகல் ஆற்றங்கரையில் அது துணியாக மட்டும் இல்லை, நாணயமாகவும் புழங்கியது. அதைக் கொடுத்து வணிகர்கள் வாங்கியது கருவேல இன மரங்களின் பிசின். அந்தப் பிசின் பிரான்சின் துணி ஆலைகளுக்குப் போயிற்று. ஒரு சாயத்தைக் கொடுத்து ஒரு பிசினை வாங்கும் வணிகம், மேற்பூச்சுக்கு மேற்பூச்சு. இந்த ஊர்த் தச்சன் ஒருவனுக்கு மரத்தை வெறுமனே விட மனம் வராததில் வியப்பு என்ன இருக்கிறது?

3

மேஸ்திரி பூசுவது 'பிரெஞ்சு பாலிஷ்'. தமிழ்நாடு முழுவதும் அதே பெயர்தான். ஆனால் பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயர் கிடையாது. அங்கே அது 'வெர்னி ஓ தாம்போன்'. அதாவது துணிப் பொட்டலத்தால் ஏற்றும் வார்னிஷ். செய்யும் முறையைச் சொல்லும் பெயர். தேசத்தின் பெயரை ஒட்டியவர்கள் ஆங்கிலேயர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசிலிருந்து அந்த முறை லண்டனுக்குப் போனபோது அது 'பிரெஞ்சு' ஆயிற்று. ஆங்கிலேயரோடு அந்தப் பெயர் இந்தியா வந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரிலும் பிரெஞ்சு பாலிஷுக்கு ஆங்கிலப் பெயர்தான்.

பாலிஷின் சரக்கு எது? அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒரு சிறு பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சித் தன் உடலைச் சுற்றிக் கசியவிடும் கூடு அது. கிளையோடு வெட்டினால் கொம்பரக்கு. கழுவி உருக்கித் தகடாக இழுத்து நொறுக்கினால் அவலரக்கு. சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. இன்றைய ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப்பகுதிகளில் ஆதிவாசிகள் சேகரிப்பது. ராஞ்சிக்கு அருகே 1924இல் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் வைக்கும் அளவுக்கு அது பேரரசின் பொருளாயிற்று. காரணம் நாற்காலிகள் மட்டும் அல்ல. கிராமபோன் தட்டும் அரக்கால் ஆனதே. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் உலகத்தின் சங்கீதம், நம் சங்கீதமும் சேர்ந்து, இந்தப் பூச்சியின் கூட்டில்தான் பதிந்து கிடந்தது.

நமக்கு அரக்கு என்றதும் நினைவு வருவது பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகை. அழகாக மினுக்கி, உள்ளே நெருப்பை வைத்திருக்கும் பொருள். பளபளப்பின் மேல் நமக்குள்ள சந்தேகம் அவ்வளவு பழசு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு இருந்த காலத்தில் பிரெஞ்சு பாலிஷைத் தெளியவைத்துக் குடித்துக் கண் போனவர்கள் உண்டு. எல்லைக்கு இந்தப்புறம் சாராயம் தாராளமாகக் கிடைத்த புதுச்சேரியில் பாலிஷ் பாலிஷாகவே இருந்தது.

ஆக, பூச்சி நம் காட்டினுடையது, சேகரித்த கை ஆதிவாசியினுடையது, தேய்க்கிற கை மேஸ்திரியினுடையது. பெயர் மட்டும் பிரான்சினுடையது, அதுவும் இங்கிலாந்து வழியாக. காலனியம் எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பெயர் சூட்டும் உரிமையை எண்ணுவதில்லை.

4

மண்டலினின் பயணம் இதற்கு எதிர்த் திசையில். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நேப்பிள்ஸ் நகரத்தில் வினாச்சா குடும்பத்தாரும் பிறரும் அதற்கு இன்றைய உருவம் கொடுத்தார்கள்: நான்கு ஜோடிக் கம்பிகள், வயலினின் சுருதி வரிசை. 1787இல் மோஸார்ட் தன் இசைநாடகத்தில் ஒரு காதல் பாட்டுக்குத் துணையாக அதை வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்குவாலே வினாச்சா எஃகுக் கம்பிக்கு ஏற்றபடி அதை வலுப்படுத்தினார். 1878இல் ஸ்பெயினிலிருந்து ஒரு மாணவர் குழு பாரிஸ் திருவிழாவுக்கு வந்தது. அவர்கள் மீட்டியது மண்டலின்கூட அல்ல, அதன் ஸ்பானிய உறவு. அதற்குப் பின் மீட்டுக் கம்பி வாத்தியங்கள் மேல் ஐரோப்பா மோகம் கொண்டது. கிழக்குப் பிரான்சில் வயலின் தச்சர்களின் ஊரான மிரெகூரில் பட்டறைகள் மண்டலினையும் மொத்தமாகச் செய்து விலைப்பட்டியல் போட்டு விற்றன. என் மண்டலினின் வயிற்றிலுள்ள 17 அப்படியொரு பட்டறையில் ஒரு கூலிக்காரன் தன் துண்டை அடையாளம் காண எழுதியதாக இருக்கலாம்.

கருவி செய்பவனுக்குப் பிரெஞ்சில் 'லூத்தியே' என்று பெயர். 'லூத்' என்ற பழைய வாத்தியத்திலிருந்து வந்தது. அந்தச் சொல் அரபியில் 'அல் ஊத்'. அதற்கு அர்த்தம் மரம். எத்தனை தேசம் தாண்டினாலும் சொல்லின் அடியில் மரம்தான் கிடக்கிறது.

அமெரிக்காவில் ஆர்வில் கிப்ஸன் என்பவர் வயலினைப் போல முகப்பையும் முதுகையும் செதுக்கி எடுக்கும் முறைக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். 1902இல் அவர் பெயரில் கம்பெனி தொடங்கியது. 1922இல் வந்த அதன் உயர்ந்த ரக மண்டலின் நடுவில் பொன்னும் ஓரத்தில் கரும்பழுப்புமாகச் சாயம் ஏற்றியது. பழைய இத்தாலிய வயலின் மாதிரி. அதாவது, புதிய உலகத்தின் புதிய கருவியும் பிறக்கும்போதே வயதானதாகப் பிறந்தது. மேஸ்திரியின் நாற்காலிக்கும் அதற்கும் கொள்கை ஒன்றே. 1939 வாக்கில்தான் அந்தக் கம்பெனி தன் பெரிய கித்தார்களைச் சாயமில்லாமல், 'ப்ளோந்த்' என்ற நிறத்தில் தரத் தொடங்கியது. அதற்கு விலை கூடுதல். ஓரத்துச் சாயம் இணைப்பின் குறையையும் மரத்தின் கறையையும் விழுங்கிவிடும். சாயமில்லாததற்குக் குறையற்ற மரம் வேண்டும். இயற்கைக்கு விலை அதிகம் என்பது அன்றே ஸ்தாபிதமாகிவிட்டது.

'ப்ளோந்த்' பிரெஞ்சுச் சொல். பொன்னிறத் தலைமயிர் கொண்ட பெண்ணைக் குறிப்பது. மரத்தின் நிர்வாணத்துக்கு ஒரு வெள்ளைக்காரியின் தலைமயிரைத்தான் உவமை காண முடிந்தது அவர்களுக்கு. நமக்கு வேறு உவமை இருந்தது. பொருநராற்றுப்படை யாழைச் சொல்லும்போது, அதன் பத்தரைப் போர்த்த தோலுக்கு விளக்குச் சுடரின் நிறம் தருகிறது. சிவந்த மேனியுள்ள பெண் ஒருத்தி முதன்முறை கருவுற்றபோது, அது வெளியே தெரியாத நாட்களில், மெல்லிய மயிர் ஓடிய அவள் வயிற்றை உவமை சொல்கிறது. ஒரு வாத்தியத்தின் மேற்பரப்பை இவ்வளவு கூர்ந்து பார்த்த கண் நம்மிடம் இருந்தது. விபுலானந்தர் 1947இல் யாழ் நூலை வெளியிட்டபோது நாம் கணக்கையும் சுருதியையும் பற்றிப் பேசினோம். அந்த நிறத்தைப் பற்றி யாரும் பேசிய நினைவு எனக்கில்லை. இன்று தச்சரிடம் கேட்டால் 'மரக்கலர்' என்பார், அல்லது 'நேச்சுரல்'.

5

தமிழ்நாட்டில் மண்டலின் என்றால் உப்பலபு ஸ்ரீனிவாஸ். 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, சிறுவனாக மேடையேறி, 2014இல் 45 வயதில் மறைந்தவர். அவர் கையில் இருந்தது நேப்பிள்ஸின் மண்டலின் அல்ல. ஜோடிக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது கம்பி சேர்த்து, குடைவு வயிற்றை விட்டுவிட்டு, கெட்டி மரத்தில் மின்காந்தம் பொருத்திய கருவி அது. காரணம் கமகம். ஜோடிக் கம்பியை இழுத்து வளைப்பது கடினம்; மீட்டிய நாதம் ஒரு கமகம் முடிவதற்குள் செத்துவிடும். மின்சாரம் நாதத்தை நீட்டியது, ஒற்றைக் கம்பி வளைந்துகொடுத்தது.

இதே கேள்விக்கு இன்னொரு விடை, புதுச்சேரிக்காரர்கள் சம்பளத்துக்குப் போன சைகோனில் கிடைத்தது. தெற்கு வியட்நாமில் 'காய் லுவோங்' நாடக இசைக்காரர்கள் ஐரோப்பியக் கித்தாரின் விரற்பலகையில், மெட்டுகளுக்கு இடையே மரத்தைப் பள்ளமாகத் தோண்டினார்கள். கம்பியைப் பள்ளத்துக்குள் அழுத்தினால் சுரம் அசையும். நம் வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதும் கம்பிக்கு அந்த இடத்தைத் தரத்தான். ஒருவர் மரத்தைத் தோண்டினார், ஒருவர் மரத்தின் வயிற்றையே துறந்தார். இரண்டும் சுயமான விடைகள். இரவல் கருவியைத் தன் சங்கீதத்துக்குப் பணிய வைத்த காரியங்கள். இவற்றின் பக்கத்தில் வைத்தால், நாற்காலியை 'பிரெஞ்சு' ஆக்கும் சாயம் எதிர்த்திசைக் காரியம்: தன் மரத்தை இரவல் நிறத்துக்குப் பணிய வைப்பது.

ஆனால் ஸ்ரீனிவாஸுக்குப் பிறகு நம் மண்டலினில் மரத்தின் குரல் கேட்பது நின்றது. மரம் கம்பியைத் தாங்கியது, பாடியது ஒலிபெருக்கி. அது நஷ்டம் என்று சொல்ல நான் யார்? அந்த நஷ்டத்துக்கு ஈடாக ஒரு மேதை கிடைத்தார். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன விஷயம்: இந்த மண்ணின் மரத்தில், வயிற்றோடு, சாயமில்லாமல் ஒரு மண்டலின் எப்படி இருக்கும்?

6

பலாவில் செய்யலாம் என்றார் மேஸ்திரி. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவில்தான். மரமும் பக்கத்துப் பண்ணுருட்டியில் கிடைக்கும். அறுத்த புதிதில் பலா எலுமிச்சை மஞ்சள். அந்த மஞ்சள் பூசியதல்ல. மரத்திலேயே ஊறிய சாயம். பர்மாவிலும் சயாமிலும் புத்தத் துறவிகளின் ஆடைக்கு நிறம் ஏற்றியது பலாமரச் சீவலின் கஷாயம். சாயமில்லாத மரம் தேடிப் போன எனக்குக் கிடைத்தது சாயமரம்.

வயிற்றை நேப்பிள்ஸ் முறைப்படி மெல்லிய சிம்புகளைச் சூடு காட்டி வளைத்து ஒட்ட அவர் ஒப்பவில்லை. "குடம் மாதிரி குடைஞ்சிடலாம்" என்றார். வீணைக் குடத்தை ஒரே கட்டையில் குடைவது போல. வாய்ச்சியாலும் குடைவுளியாலும் 15 நாள் குடைந்தார். சுவர் 5 மில்லிமீட்டருக்கு வந்தபோது விரலால் தட்டிப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேரேட்டுக் கணக்கு மாதிரி ஒரு தட்டல். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

முகப்புக்குப் பலா கனம். எட்டு எஃகுக் கம்பிகள் ஏறக்குறைய 70, 80 கிலோ இழுவிசையோடு குதிரையை அழுத்தும். அதைத் தாங்கவும் வேண்டும், அதிரவும் வேண்டும். கனமில்லாத, ஆனால் விறைப்பான மரம் ஸ்ப்ரூஸ்தான். அது எங்கே கிடைக்கும்? மேஸ்திரி மூன்றாம் நாள் ஒரு பெட்டிப் பலகையோடு வந்தார். ஐரோப்பாவிலிருந்து ஏதோ தொழிற்சாலைக்கு இயந்திரம் வந்த பெட்டி. பழைய மரக்கடைகளில் எடைக்குக் கிடைப்பது. அதில் ஒரு கோதுமைக் கதிர் முத்திரை எரித்துப் பதித்திருந்தது: பூச்சி போக, மரத்தின் நடு வரைக்கும் 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்த மரம் என்பதற்கான உலகப் பொது அடையாளம். ரேகை நேராக ஓடியிருந்தது. மிரெகூரின் சீமான்கள் மலைக்காட்டில் தேர்ந்தெடுத்த மரம், இங்கே குப்பையாக வந்து சேர்ந்தது. அதை வாளால் இரண்டாகப் பிளந்து, புத்தகம் போல விரித்து, நடுவில் வச்சிரம் போட்டு ஒட்டி, 3 மில்லிமீட்டருக்கு இழைத்தார்.

மெட்டுகளின் இடைவெளிக்கு அவருக்குத் தெரிந்த கணக்கு பதினெட்டில் ஒன்று: மிச்ச நீளத்தில் ஒவ்வொரு தடவையும் பதினெட்டில் ஒரு பங்கு. கலிலியோவின் தகப்பனார் வின்சென்சோ கலிலி 1581இல் அச்சேற்றிய கணக்கு அது. அதன்படி போனால் பன்னிரண்டாம் மெட்டு நடுவுக்குச் சற்று முன்னாலேயே விழுந்துவிடும். 17.817 என்று நான் எழுதிக்கொடுத்தேன். "இந்தப் புள்ளிக்குப் பின்னால இருக்கிறதை என் கை கேக்காது சார்" என்றார். ஆனால் கேட்டது. 352 மில்லிமீட்டர் நீளத்தில் முதல் மெட்டு 19.8இலும் பன்னிரண்டாவது சரியாக 176இலும் உட்கார்ந்தன.

சண்டை அதற்குப் பிறகு வந்தது. முகப்பின் நாதத் துளையை உளியால் திருத்தும்போது கை வழுக்கி, ரேகையோடு ஒரு சிலாம்பு பெயர்ந்து போயிற்று. நகத்தளவு பள்ளம். அவர் நிதானமாக மரத்தூளும் வச்சிரமும் குழைத்து அடைத்தார். காய்ந்ததும் கறை போலத் தெரிந்தது. "இனி லேசா ஒரு கை சாயம் போட்டாத்தான் சரிப்படும்" என்றார். நான் கூடாது என்றேன். குறை தெரிந்தால் தெரியட்டும், அதுதான் உண்மை என்று ஏதோ சொன்னேன். எங்கள் பத்திரிகைகளில் நாங்கள் கவிதையைப் பற்றி எழுதுகிற மாதிரி. அலங்காரம் பொய், மேற்பூச்சு நசிவு, வெறும் சொல்லே சத்தியம்.

அவர் உளியைத் துடைத்து வைத்தார். "தெரியட்டும்னு சொல்றது உங்களுக்குச் சுலபம் சார். தெரியப்போறது என் கையில்ல" என்றார். மூன்று வாரம் பட்டறைப் பக்கம் வரவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் 1939இன் கூடுதல் விலை எனக்கு உறைத்தது. சாயமில்லாத மரம் தொழிலாளியின் ருசி அல்ல. அது வாங்குகிறவனின் ருசி. தவறாத கையையும் கறையற்ற பலகையையும் கேட்கும் அதிகாரம் உள்ளவனின் ருசி. தினக்கூலிக்கு, கிடைத்த மரத்தில், அந்தியில் கண் மங்கும்போது வேலை செய்கிறவனுக்குச் சாயம் பொய் அல்ல. அது ஒரு மன்னிப்பு. என் பழைய மண்டலினுக்குக் கறுப்பு ஏற்றியவனும் ஏதோ ஒரு விரிசலை மன்னித்திருக்கலாம். நான் அதை அடிமைத்தனத்தின் நிறம் என்று படித்துக்கொண்டிருந்தேன். அப்படியும் இருக்கலாம். ஒரே கறுப்பு இரண்டாகவும் இருப்பதுதான் சரித்திரத்தின் தொல்லை.

வெறுமையை ஒரு நெறியாக வைத்துக்கொண்ட நம் எழுத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். எளிமை இலவசமாக வருவதில்லை. அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

7

அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பலாத் துண்டு இருந்தது. அடைத்ததைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தைச் சீராக வெட்டி, புளிய இலை அளவில் பலாவைச் செதுக்கி அதில் பதித்தார். மறைக்கவும் இல்லை, திறந்துபோடவும் இல்லை, ஒட்டுப் போட்டார். என் கொள்கையில் இந்த மூன்றாவது வழிக்கு இடம் இருந்திருக்கவில்லை.

பாலிஷுக்கு வெளுத்த, மெழுகு நீக்கிய அவலரக்கு. வியாபாரத்தில் அந்த ரகத்துக்கும் 'ப்ளோந்த்' என்றே பெயர். நம் பூச்சியின் கூட்டுக்கு மறுபடி அதே வெள்ளைக்காரியின் தலைமயிர். பழைய பனியன் துணிக்குள் பஞ்சு வைத்துப் பொட்டலம் கட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, எட்டுப் போடுவது போல வட்டம் வட்டமாக எட்டு நாள் தேய்த்தார். மரம் நனைந்த மாதிரி ஆழம் காட்டியது. சாயமில்லாதது என்றால் பூச்சில்லாதது என்று நான் நினைத்திருந்தேன். பூச்சு இருந்தது. அது மரத்தைக் காட்டுகிற பூச்சு, அவ்வளவே.

ஒலி எப்படி என்று கேட்பார்கள். நேப்பிள்ஸ் மண்டலினின் வெள்ளிச் சலசலப்பு இதில் இல்லை. பலாவின் கனம் கீழ்க் கம்பிகளுக்கு ஒரு மரத்தொட்டியின் குரலைத் தந்திருக்கிறது. மேல் கம்பி கொஞ்சம் மந்தம். ஆரோவில்லில் 2003இல் தொடங்கி, சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்குக் கருவி செய்யக் கற்றுத்தந்த 'ஸ்வரம்' பட்டறை போன்ற இடத்தில் செய்திருந்தால் இன்னும் நன்றாக அமைந்திருக்கும். நாற்காலித் தச்சர் ஒருவரின் முதல் மண்டலின் இது. கடைசியும் இதுதான் என்கிறார்.

செய்து முடித்த அன்று அந்தப் பலா ஒட்டு கண்ணில் படவே இல்லை. புதுப் பலாவின் மஞ்சளும் ஸ்ப்ரூஸின் வெளுப்பும் அரக்குக்கு அடியில் ஒன்றாகக் கிடந்தன. ஆனால் பலா வெளிச்சம் பட்டால் கறுக்கும், ஸ்ப்ரூஸைவிட வேகமாக. இந்த வருஷங்களில் வயிறு மஞ்சளிலிருந்து தேனுக்கும், தேனிலிருந்து பழுப்புக்கும் போய்விட்டது. வெளுத்த முகப்பில் அந்த ஒட்டு இப்போது தெருவாசலிலிருந்தே தெரிகிறது. போன தடவை வந்தபோது மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "நான் போட வேணாம்னீங்க, வெயில் போட்டுக்கிட்டு இருக்கு" என்றார். பிறகு மோர் கேட்டுக் குடித்தார்.

ஒரு விஷயம் எனக்கு முகப்பை ஒட்டிய பிறகுதான் தெரிய வந்தது. மூடுவதற்கு முந்தின இரவு வயிற்றுக்குள் பென்சிலால் அவர் ஏதோ எழுதியிருக்கிறார். பையன் சொன்னான். பெயரா, தேதியா, எண்ணா என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. நாதத் துளை வழியாக விளக்கு அடித்துப் பார்த்தேன். கண் எட்டாத இடத்தில் எழுதியிருக்கிறார். வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுக்கும் பசை. எப்போதாவது யாராவது பழுதுபார்க்க இதன் முகப்பைத் திறப்பார்கள். அவர்கள் படிக்கட்டும்.